சிறிய பால்மாட்டுக்கு இறைச்சி இனக் காளை: எதைப் பார்த்துத் தேர்வது?

மாதவரத்தை ஒட்டிய வடப்பெரும்பாக்கத்தில் ஆறு ஜெர்சி கலப்பின மாடுகளை வைத்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது. மாடுகள் சிறியவை, அவற்றில் பெரியதுகூட 300 கிலோவைத் தாண்டாது. பிறக்கும் காளைக்கன்றுகளை வாங்க ஆளில்லை. நியூசிலாந்தில் பால் பண்ணையில் வேலை பார்க்கும் உங்கள் தங்கை மகன், அங்கே பால்மாட்டுக்கு இறைச்சி இனக் காளையைச் சேர்த்துக் கன்றை நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ஆங்கஸ் நல்லதா, பெல்ஜியன் புளூ நல்லதா, இரண்டும் கிடைக்காவிட்டால் செங்குன்றம் பக்கத்தில் ஒருவர் வைத்திருக்கும் ஓங்கோல் பொலிகாளையைச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிறிய மாட்டின் உயிருக்கு ஆபத்தில்லாமல் எந்தக் காளையைச் சேர்க்கலாம் என்பது ஒன்று. அப்படிப் பிறக்கும் கன்றுக்கு நம் ஊரில் விலை உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதன் பதில் உங்களுக்குப் பிடிக்காது என்றாலும் அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கங்களில் 31 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன். இறைச்சி இனக் காளையின் விந்தை என் கையால் ஒரு மாட்டுக்கும் செலுத்தியதில்லை. அந்த இனங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் படிப்பின் வழியாகவும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர்களின் வழியாகவும் அறிந்தது. ஆனால் சிறிய மாட்டின் இடுப்பில் பெரிய கன்று சிக்கிக்கொள்ளும்போது என்ன நடக்கும் என்பதை மட்டும் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். மணலிக்கு அருகில் ஒரு வீட்டில், தலையீற்று மாடு ஒன்று விடியற்காலையில் தொடங்கி நண்பகல் வரை முக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த பெரிய பொலிகாளையைச் சேர்த்துப் பிடித்த சினை அது. நான் போவதற்குள் நான்கு ஆட்கள் கயிறு கட்டி இழுத்திருந்தார்கள். கன்று இறந்தே வந்தது. தாயின் இடுப்புக்குள் ஓடும் நரம்பு நசுங்கியதால் பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் அது ஒன்பது நாள் படுத்தே கிடந்து, பிறகு செத்துப்போனது. அந்த வீட்டின் வருமானத்தில் பாதி அந்த ஒரு மாடுதான். பொலிகாளையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொட்டகைதான்.

கன்று சிக்குவதற்கு மிகப் பெரிய காரணம் கன்றின் பிறப்பு எடைக்கும் தாயின் இடுப்பு எலும்பின் வாசலுக்கும் உள்ள பொருத்தமின்மை. பிறப்பு எடையைக் காளையின் வம்சம், சினைக்காலத்தின் நீளம், கன்றின் பாலினம், தாயின் உடலளவு ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. கடைசி நாட்களில் வயிற்றுக்குள் இருக்கும் கன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ கூடுகிறது. ஆகவே ஒரு வாரம் கூடுதலாகச் சுமக்க வைக்கும் இனம் அந்த ஒரு வாரத்திலேயே மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றிவிடும். பால் இனங்களான ஜெர்சிக்கும் ஹோல்ஸ்டீனுக்கும் சினைக்காலம் சராசரியாக 279 நாள். ஆங்கஸ் காளையின் கன்று இதிலிருந்து அதிகம் விலகாது. பிரான்சின் இறைச்சி இனங்களான லிமோசினும் ஷாரோலேயும் 285 நாளைத் தாண்டும். காளையைக் கண்ணால் பார்த்து, அதன் உயரத்தையும் தொடையையும் மட்டும் எடைபோடுகிறவர்கள் இந்த நாள் கணக்கைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

தாயும் ஓரளவு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1958இல் வெளியான ஓர் ஆய்வில், மிகச் சிறிய டெக்ஸ்டர் இனத்தையும் மிகப் பெரிய சவுத் டெவன் இனத்தையும் இருபுறமும் மாற்றிக் கலந்து பார்த்தார்கள். இரண்டு வகைக் கன்றுகளுக்கும் இரத்தம் பாதிப் பாதிதான். ஆனாலும் டெக்ஸ்டர் தாயின் வயிற்றில் வளர்ந்தது, சவுத் டெவன் தாயின் வயிற்றில் வளர்ந்ததைவிடச் சிறியதாகவே பிறந்தது. சிறிய கருப்பை கன்றின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. தூய ஜெர்சிக்கு இன்னொரு நற்பேறும் உண்டு. உடலின் அளவோடு ஒப்பிட்டால் அதன் இடுப்பு வாசல் தாராளமானது, கன்று சிறியது, ஆகவே பால் இனங்களில் மிக எளிதாக ஈனுவது அதுதான். ஆனால் இதை நம்பி நம் மாடுகளை ஒப்படைக்க நான் துணியமாட்டேன். நம்முடையவை தூய ஜெர்சிகள் அல்ல. வைக்கோலையும் சந்தைக் கழிவையும் தின்று, கிடேரிப் பருவத்தில் போதிய தீனி இல்லாமல் வளர்ந்தவை. எலும்புக்கூடு வளர வேண்டிய வயதில் வளராத மாட்டுக்கு இடுப்பும் வளர்ந்திருக்காது.

இனி நீங்கள் கேட்ட இனங்கள். வெளிநாட்டில் சிறிய பால்மாட்டுக்கு ஆங்கஸைத் தேர்வது வழக்கமானதும் நியாயமானதும் ஆகும். கன்று மிதமான எடையில் பிறக்கும், சினைக்காலம் நீளாது. அந்த இனத்துக்குக் கொம்பு இல்லாமை ஓங்கு பண்பாகையால் கலப்புக் கன்றுக்கும் கொம்பு முளைக்காது. நியூசிலாந்தில் ஹெர்ஃபோர்ட் காளையையும் விரும்புகிறார்கள். அதன் வெள்ளை முகம் கலப்பிலும் தப்பாமல் வருவதால், இது இறைச்சிக்கு வளர்க்கத் தக்க கன்று என்று வாங்குபவருக்குத் தொலைவிலேயே தெரிந்துவிடும். ஜப்பானிய வாக்யுவும் பிறப்பு எடை குறைந்தது. மிகச் சிறிய மாடுகளை வைத்திருப்பவர்கள், ஆஸ்திரேலியாவில் 1974இல் தொடங்கிய ஆய்வில் மெதுவான வளர்ச்சிக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட லோலைன் என்னும் குட்டை ஆங்கஸ் வழியையும் நாடுகிறார்கள். ஷாரோலேயைச் சிறிய மாட்டுக்கு நினைக்கவே வேண்டாம். லிமோசின் கன்றுக்கு எலும்பு மெலிதாக இருக்கும், ஆனால் சினைக்காலம் நீளம். அதைப் பல ஈற்று கண்ட பெரிய மாடுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெல்ஜியன் புளூவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காணொளிகளில் அதன் தொடையைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டேடின் என்னும் மரபணு அந்த இனத்தில் பழுதுபட்டிருக்கிறது. கடிவாளம் இல்லாததால் தசை இரட்டிப்பாகத் திரள்கிறது. தூய பெல்ஜியன் புளூ கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை வயிற்றைக் கீறித்தான் எடுக்கப்படுகின்றன. பால்மாட்டோடு கலக்கும்போது கன்றுக்கு அந்தப் பழுது ஒரு பிரதி மட்டுமே வருவதால், பெரிய ஹோல்ஸ்டீன் மாடுகள் பெரும்பாலும் தாமாகவே ஈன்றுவிடுகின்றன. ஐரோப்பாவில் இந்தக் கலப்பு நடைமுறையில் இருப்பதற்கு அதுதான் காரணம். அங்கே ஹோல்ஸ்டீன் 600 கிலோவுக்கு மேல் இருக்கும், பக்கத்திலேயே அறுவை செய்யும் மருத்துவரும் இருப்பார். உங்கள் 280 கிலோ மாட்டுக்கு இந்தக் காளை வேண்டாம் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

இனத்தின் பெயரைவிடத் தனிக் காளையின் கணக்கு முக்கியம். நல்ல ஆங்கஸ் உண்டு, கன்றைச் சிக்கவைக்கும் ஆங்கஸும் உண்டு. ஒரு காளைக்குப் பிறந்த நூற்றுக்கணக்கான கன்றுகளின் எடையையும், ஈனும்போது உதவி தேவைப்பட்டதா என்பதையும் பதிந்து, அந்தக் காளைக்கு ஒரு மதிப்பீட்டு எண் தருகிறார்கள். அந்த எண்ணோடு நம்பகத்தன்மை எவ்வளவு என்றும் போட்டிருக்கும். கன்றே பிறக்காத இளங்காளையின் எண் அழகாக இருந்தாலும் அதன் நம்பகத்தன்மை குறைவு. ஆகவே சிறிய மாட்டுக்கு நிறையக் கன்றுகள் பிறந்து சோதிக்கப்பட்ட காளைதான் ஏற்றது. ஓர் இனத்தின் எண்ணை இன்னோர் இனத்தின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது, ஏனெனில் ஒவ்வோர் இனச் சங்கமும் தன் இனத்துக்குள்ளேயே அளக்கிறது. அயர்லாந்தில் 2019இல் பால்மாட்டுக்குச் சேர்க்கும் இறைச்சிக் காளைகளுக்கென்றே ஒரு தனிக் குறியீடு கொண்டுவந்து, ஈனும் எளிமை, சினைக்காலம், கன்றின் உடல் மதிப்பு ஆகியவற்றை ஒரே தராசில் வைத்தார்கள். இறைச்சி மதிப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் பால்காரர் நட்டப்படுவார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. கஷ்டப்பட்டு ஈன்ற மாடு நஞ்சுக்கொடியைத் தங்கவைக்கும், கருப்பையில் சீழ் பிடிக்கும், அடுத்த பருவம் தள்ளிப்போகும், பாலும் குறையும்.

ஓங்கோல் காளையைப் பற்றிய கேள்விதான் எனக்கு மிகுந்த கவலை தந்தது, ஏனென்றால் அது உங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. ஓங்கோலைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. நம் ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் வரும் நெல்லூரின் பெயரால்தான் பிரேசிலின் நெலோர் இனம் அழைக்கப்படுகிறது. இன்று அந்த நாட்டின் இறைச்சி மாடுகளில் மிகப் பெரும் பங்கு ஓங்கோலின் வழிவந்தவை. ஆனால் திமில் உள்ள காளையைத் திமில் இல்லாத ஐரோப்பிய இனப் பசுவுக்குச் சேர்த்தால் கன்று எதிர்பார்ப்பதைவிடப் பல கிலோ அதிகமாகப் பிறக்கிறது என்பதும், காளைக்கன்றாக இருந்தால் இது மேலும் கூடுகிறது என்பதும், சினைக்காலமும் நீளுகிறது என்பதும், ஓங்கோல் இரத்தமும் கலந்த அமெரிக்காவின் பிரஹ்மன் இனத்தில் தெளிவாகப் பார்க்கப்பட்டிருக்கின்றன. இதையே திருப்பி, ஐரோப்பியக் காளையைத் திமில் உள்ள பசுவுக்குச் சேர்த்தால் கன்று சிறியதாகப் பிறக்கிறது. இரத்தக் கணக்கு ஒன்றுதான், ஆனால் விளைவு வேறு. இதன் காரணம் என்ன என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. தாயிடமிருந்து வரும் மரபணுவும் தந்தையிடமிருந்து வரும் அதே மரபணுவும் வெவ்வேறு விதமாக இயங்குகின்றன என்பது பலர் ஏற்கும் விளக்கம். உங்கள் மாடுகள் நாட்டு இரத்தமும் கொண்டவை என்பதால் விளைவு அவ்வளவு கடுமையாக இல்லாமல் போகலாம். ஆனாலும் அரை டன்னைத் தொடும் காளை 280 கிலோ மாட்டின் முதுகில் ஏறும்போதே அது நிலைகுலைந்து விழக்கூடும். வீடு வீடாகப் பல மாடுகளோடு சேரும் காளை கருச்சிதைவு நோய்களையும் சுமந்து வரும். இந்தக் காளை வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டில் அந்தக் கலப்புக் கன்று ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் இறைச்சிக்குப் போகிறது. கன்றின் விலை அந்த முடிவிலிருந்துதான் பின்னோக்கி வருகிறது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு மாட்டை அறுக்க வேண்டுமானால் அது 10 வயதைத் தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்றோ, காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று வேண்டும். பசுவையும் கிடேரியையும் அறுப்பது 1976ஆம் ஆண்டின் அரசாணையால் தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்தச் சட்டம் சரியா தவறா என்று நான் இங்கே பேச வரவில்லை. இரண்டு வயதில் நன்றாகத் திரண்டு நிற்கும் ஆங்கஸ் கலப்புக் காளையை நீங்கள் நேர்வழியில் விற்க இங்கே இடமில்லை, அதைப் பத்து வயது வரை தீனி போட்டு வளர்க்க உங்களால் முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. பிறப்பது கிடேரியாக இருந்தால் அதுவும் நட்டம், ஏனெனில் இறைச்சி இனத் தந்தைக்குப் பிறந்த கிடேரி அதன் தாய் அளவுக்குப் பால் தராது. ஆறு மாடுகள் உள்ள கொட்டகையில் ஒரு சினையை வீணாக்குவது பெரிய பண்ணையில் ஒன்றை வீணாக்குவது போன்றதல்ல. மேலும், சினை ஊசிக்காக அரசு வழங்கும் உறைவிந்துக் குச்சிகளில் இறைச்சி இனங்கள் இல்லை, வெளிநாட்டு விந்தைக் கொண்டுவர மத்திய அரசின் அனுமதி வேண்டும். யாராவது ஆங்கஸ் குச்சி என்று சொல்லிக் கையில் நீட்டினால் வாங்காதீர்கள். அது என்ன காளையுடையது என்பதும், எந்த நோயை உள்ளே வைத்திருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

உங்கள் உண்மையான இடர் காளைக்கன்றுகள். பால் மறுக்கப்பட்டுக் கொட்டகை மூலையில் மெலிந்து சாகும் கன்றுகளையும், வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் தெருவில் விடப்பட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் தின்னும் இளங்காளைகளையும் நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்கள் கேள்வி அந்த வருத்தத்திலிருந்து பிறந்தது என்று புரிகிறது, அதை மதிக்கிறேன். இதற்கு இன்று நம் கையில் இருக்கும் சிறந்த வழி பாலினம் பிரிக்கப்பட்ட விந்து. கிடேரியை உண்டாக்கும் விந்தணுவில் மரபுப் பொருள் காளையை உண்டாக்கும் விந்தணுவைவிட ஏறக்குறைய 4 விழுக்காடு அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு இயந்திரம் பிரிக்கிறது. போட்டுப் பிடித்த சினைகளில் பத்துக்கு ஒன்பது கிடேரியாக வரும் என்பது உறுதி. சாதாரணக் குச்சியைவிடச் சினை பிடிக்கும் வாய்ப்புக் குறைவு என்பதும் அதே அளவு உறுதி, ஏனெனில் குச்சிக்குள் இருக்கும் விந்தணுக்கள் மிகக் குறைவு, பிரிக்கும்போது அவை களைத்தும் போகின்றன. ஆகவே அதைக் கிடேரிகளுக்கும், ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் இளம் மாடுகளுக்கும் போடுங்கள். மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்குப் போட்டுப் பணத்தை இழக்காதீர்கள். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் விந்து நிலையம் செங்குன்றத்துக்கு மேற்கே அலமாதியிலேயே இருக்கிறது. பாலினம் பிரித்த ஜெர்சிக் குச்சி எப்போது வரும் என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிடேரிக் கன்று காளைக்கன்றைவிட எடை குறைந்தது என்பதால் ஈனுவதும் எளிதாகும்.

ஜெர்சி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறிய மாட்டுக்குப் பெரிய காளை என்னும் தவறை நம் ஊரில் இறைச்சி இனத்தால் யாரும் செய்வதில்லை. எச்.எஃப். என்று நாம் அழைக்கும் ஹோல்ஸ்டீனால்தான் செய்கிறார்கள். பால் கூடும் என்ற ஆசையில் சிறிய ஜெர்சி கலப்புக்கு எச்.எஃப். ஊசி கேட்டு வாங்குவார்கள். ஜெர்சிக் கன்று பிறக்கும்போது 25 கிலோ அளவில் இருக்கும், தூய எச்.எஃப். கன்று 40 கிலோவை நெருங்கும். கலப்பில் இரண்டுக்கும் நடுவே வந்தாலும் உங்கள் மாட்டுக்கு அது அதிகம். நான் கையை விட்டு இழுத்த கன்றுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. உங்கள் மாடுகளில் எதிலாவது ஐரோப்பிய இரத்தம் ஏற்கெனவே முக்கால் பங்கைத் தாண்டி, சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சிரைத்தால், அந்த மாட்டுக்கு மட்டும், அதுவும் இரண்டு மூன்று ஈற்று கண்டதாக இருந்தால், நடுத்தர உடல்வாகும் திமிலும் கொண்டு வெயிலைத் தாங்கும் சிவப்புச் சிந்தி இனத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

ஈனும் நாளுக்கு ஒரு வார்த்தை. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று முன்னேறவில்லை என்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கயிற்றை எடுக்காதீர்கள். ஈனும் சமயத்தில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறையும் பால் காய்ச்சல் ஜெர்சி இரத்தத்துக்கு அதிகம் வரும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் கருப்பை சுருங்க வலுவிழந்து, கன்று சிறியதாக இருந்தும் வெளியே வராது. அதைப் பெரிய கன்று என்று எண்ணி இழுத்துவிடுகிறார்கள். பிறந்தது காளையாக இருந்தாலும், அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள்.

கடைசியாக, இந்த மாதம் பருவத்துக்கு வரும் செவலைக் கிடேரிக்கு ஊசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வயதை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். வளர்ந்த மாட்டின் எடையில் 60 முதல் 65 விழுக்காடு வந்திருக்க வேண்டும், உங்கள் மாடுகளுக்கு அது 180 முதல் 195 கிலோ. தையல்காரரின் நாடாவால் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து வாலடி எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 54, நீளம் 46 என்றால் 203 கிலோ வருகிறது, தாராளமாகப் போடலாம். 170க்குக் கீழே வந்தால் இரண்டு மூன்று பருவங்களை விட்டுவிட்டு, கொஞ்சம் புண்ணாக்கும் தாது உப்புக் கலவையும் கூட்டிக் கொடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். போட்ட குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் காளையின் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, கன்று எப்படிப் பிறந்தது என்பதையும் அதன் பக்கத்தில் குறித்து வையுங்கள்.